நாஸ்ல எதை எங்க வைக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

நாஸ் பத்தி கேள்வி இருந்தா அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். தெரியாதவங்களுக்கு ஒரு வரி: ரெண்டோ நாலோ ஹார்ட் டிஸ்க்க உள்ள போட்டு நெட்வொர்க்ல மாட்டி வச்சா ஆபீஸ்ல இருக்கிற எல்லாரும் ஒரே இடத்துல ஃபைல் வச்சு எடுத்துக்கலாம், அந்தப் பொட்டிதான் நாஸ். உள்ள இருக்கிற டிஸ்க்குகள ஒண்ணா சேத்து ஓட்டுற முறைக்குப் பேரு ரெய்டு, 0, 5, 6னு அதுல பல வகை. வந்த கேள்விகள்ல நிறைய பேரு ஒண்ணையேதான் வேற வேற மாதிரி கேட்டிருக்கீங்க, ஸ்பீடு பத்தல, ஆனா டேட்டாவும் போயிடக் கூடாது, எந்த செட்டிங்க மாத்துறதுன்னு. அதனால இந்த தடவ அது மட்டும்.

கல்யாண வீடியோ, ஆல்பம் பண்ற ஸ்டுடியோ வச்சிருக்கேன் சார். நாலு டிஸ்க் நாஸ், ஒவ்வொண்ணும் 4 டிபி, ரெய்டு 5-ல ஓடுது. மூணு பசங்க ஒரே நேரத்துல எடிட்டிங்ல உக்காந்தா டைம்லைன் திக்கித் திக்கி ஓடுது. தெரிஞ்ச பையன் ஒருத்தன் ரெய்டு 0-க்கு மாத்துங்க, ஸ்பீடும் வரும் 16 டிபியும் முழுசா கிடைக்கும்ங்கிறான். மாத்திடலாமா?
– ஸ்டுடியோ ஓனர், கரூர்

மாத்தாதீங்க சார். மொதல்ல எது மெதுவா இருக்குன்னு பாத்துடுவோம். சாதாரண கிகாபிட் நெட்வொர்க்ல கணக்குப்படி செகண்டுக்கு 125 எம்பி போகணும், நிஜத்துல 110 சுமாருக்குத்தான் வரும். இப்ப வர்ற 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒண்ணே ஒண்ணு, பெரிய ஃபைல வரிசையா படிச்சா 200 எம்பிக்கு பக்கமா குடுத்துடும். அதாவது ஒரு டிஸ்க் குடுக்கிறதையே உங்க கேபிளால கொண்டு வர முடியல, இதுல நாலையும் சேத்து 700 எம்பி ஆக்குனா யாருக்கு லாபம்?

உங்க வேலைய வச்சே கணக்கு போட்டுப் பாருங்க. 4கே கேமரா நிறைய மாடல்ல செகண்டுக்கு 100 மெகாபிட்ல பதிவாகும், அது 12.5 எம்பி. முகூர்த்தத்துக்கு மூணு கேமரா ஓடியிருந்து அத மல்டிகேம்ல போட்டா 37.5 எம்பி. மூணு பசங்களும் அதே மாதிரி ஒரே நேரத்துல ஓட்டுனா 112 சொச்சம். கேபிள் முழுசா அடைச்சிடுச்சு, திக்காம என்ன பண்ணும். நாஸ்ல 2.5 ஜி போர்ட் இருக்கான்னு பின்னாடி பாருங்க, இருந்தா ஒரு 2.5 ஜி சுவிட்ச்சும் எடிட்டிங் கம்ப்யூட்டர்ங்களுக்கு கார்டும் போட்டாலே 280 எம்பி வரைக்கும் வரும், ஏற்கனவே இழுத்திருக்கிற கேட் 5ஈ கேபிள்லயே ஓடும், சுவர உடைக்க வேண்டாம்.

அதுக்கப்புறமும் கொஞ்சம் இழுத்தா காரணம் வேற. டிஸ்க் உள்ள ஒரு ஊசி மாதிரி ஹெட் ஓடி ஓடித்தான் படிக்குது, ஒருத்தர் மட்டும் படிச்சா வரிசையா ஓடும், மூணு பேரு மூணு கல்யாணத்த ஒரே நேரத்துல கேட்டா அது அங்கயும் இங்கயும் தாவுறதுலயே நேரம் போயிடும். இதுக்கு மருந்து ரெய்டு 0 இல்ல, இப்படி ஓடுற ஹெட்டே இல்லாத எஸ்எஸ்டி. ரெண்டு எஸ்எஸ்டிய மிரர்ல (ஒண்ணுல எழுதுறது இன்னொண்ணுலயும் அப்படியே ஏறும்) போட்டு தனி வால்யூமா வச்சுக்கங்க, இந்த வாரம் எடிட்டிங்ல இருக்கிற கல்யாணம் மட்டும் அதுல இருக்கட்டும். டெலிவரி குடுத்ததும் பழைய நாலு டிஸ்க் பக்கம் தள்ளிடுங்க.

ரெய்டு 0-ல என்ன நடக்குதுன்னா ஒரு ஃபைல துண்டு துண்டா வெட்டி நாலு டிஸ்க்லயும் போடுது, நாலுல எது ஒண்ணு போனாலும் எல்லா கல்யாணமும் போச்சு. 1988-ல பெர்க்லியில பேட்டர்சன், கிப்சன், காட்ஸ்னு மூணு பேரு ரெய்டு பத்தி எழுதின மூலக் கட்டுரையில 1-லேந்து 5 வரைக்கும்தான் இருக்கும், இந்த 0 பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது, அதுல பாதுகாப்புன்னு ஒண்ணுமே கிடையாது. உங்க ரெய்டு 5-ல 12 டிபிதான் கிடைக்குது, மீதி 4 டிபி வீண்னு அந்தத் தம்பி நினைக்கிறாரு, ஆனா ஒரு டிஸ்க் செத்தாலும் கடை திறந்திருக்கிறதுக்கான விலை அது.

இன்னொண்ணு, நீங்க கேக்கல, ஆனா உங்க கடிதத்துல ஃபோல்டர் படம் அனுப்பியிருந்தீங்கல்ல, அதப் பாத்ததும் சொல்லணும்னு தோணுச்சு. கேமரா கார்ட்லேந்து இறக்குன ஒரிஜினல், ப்ராஜெக்ட் ஃபைல், ரெண்டர் பிரிவியூ, பாட்டு, பழைய பில்லு எல்லாம் ஒரே ஃபோல்டர்ல கிடக்குது. கல்யாண வீட்டுல நகையையும் வாழை இலையையும் ஒரே பீரோவுல வச்சுப் பூட்டுன மாதிரி இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க, இது போனா திரும்ப கிடைக்குமா? பிரிவியூவும் கேஷும் போனா சாஃப்ட்வேரே திரும்ப செஞ்சுக்கும், அத நாஸ்லயே வைக்காதீங்க, அவங்கவங்க கம்ப்யூட்டர் எஸ்எஸ்டியில போட்டுடுங்க, பாதி நெரிசல் அதுலயே குறையும். ப்ராஜெக்ட் ஃபைல் சில எம்பிதான் இருக்கும் ஆனா பையனோட ஒரு வாரத்து உழைப்பு அதுக்குள்ள இருக்கு, அந்த ஃபோல்டருக்கு மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்துல இருந்த நிலைய அப்படியே பிடிச்சு வைக்கிறது) வைங்க, இடம் ஒண்ணும் பெருசா எடுக்காது. ஒரிஜினல் ஃபுட்டேஜ் போனா தாலி கட்டுறத திரும்ப எடுக்க முடியாது, அதனால நாஸ்ல ஒண்ணு வெளிய தனி டிஸ்க்ல ஒண்ணுன்னு ரெண்டு இடத்துல ஏறுன பிறகுதான் கார்ட ஃபார்மேட் பண்ணணும், இத சுவத்துல எழுதி ஒட்டுங்க.

ஆடிட்டர் ஆபீஸ் சார், ஏழு பேரு டேலி டேட்டாவ நாஸ்ல ஷேர் ஃபோல்டர்ல வச்சு போடுறோம். என்ட்ரி சேவ் ஆக ரொம்ப நேரம் எடுத்துச்சு. சர்வீஸுக்கு வந்தவர் ஏதோ ரைட் கேஷ்னு ஒண்ண ஆன் பண்ணிட்டு போனார், இப்ப பறக்குது. ஆனா எங்க ஏரியாவுல கரண்ட் அடிக்கடி போகும், இன்வெர்ட்டர் இருக்கு. இது பயமில்லாம விட்டுடலாமா?
– திருநெல்வேலி

பயம் உண்டு. ஸ்டுடியோகாரர் பிரச்சனைக்கு நேர் தலைகீழ் உங்களுது. அவருக்கு பெரிய ஃபைல், கேபிள் அகலம் முக்கியம். உங்களுக்கு ஒரு என்ட்ரிக்கு எழுதுறது சில கேபிதான், ஆனா அந்த மாதிரி குட்டி குட்டியா ஏழு பேரு இடைவிடாம எழுதுறீங்க. ஹார்ட் டிஸ்க் ஒண்ணு செகண்டுக்கு இப்படி தாவித் தாவி நூறு சுமாருக்குத்தான் பண்ணும். ரெய்டு 5-ல அது இன்னும் மோசம், ஒரு குட்டி எழுத்துக்கு பழைய டேட்டாவ படி, பழைய பாரிட்டிய (டிஸ்க் போனா டேட்டாவ மீட்க வச்சிருக்கிற கணக்கு) படி, புதுசு எழுது, புது பாரிட்டி எழுதுன்னு நாலு வேலை. நாலு டிஸ்க் இருந்தும் கடைசியில ஒரு டிஸ்க் ஸ்பீடுதான் மிஞ்சும்.

ரைட் கேஷ் ஆன் பண்ணுனா என்ன ஆகுதுன்னா, நாஸ் டேட்டாவ டிஸ்க்ல எழுதாமயே, மெமரியில வாங்கி வச்சுக்கிட்டு, எழுதியாச்சுன்னு கம்ப்யூட்டருக்கு பதில் சொல்லிடுது. அதான் பறக்குது. அந்த சில செகண்ட்ல கரண்ட் போனா உங்க ஸ்க்ரீன்ல சேவ் ஆன வவுச்சர் டிஸ்க்ல இருக்காது, அது கூட பரவால்ல திரும்ப போட்டுக்கலாம், பாதி எழுதி பாதி எழுதாம நின்னா கம்பெனி டேட்டாவே திறக்காம மக்கர் பண்ணும், ஆடிட் வேலை நெருக்குற செப்டம்பர் கடைசியில அது நடந்தா யோசிச்சுப் பாருங்க.

இன்வெர்ட்டர நம்பாதீங்க. மாறுற அந்த நொடிக்குள்ள சில பொட்டி ரீஸ்டார்ட் ஆயிடும், அப்புறம் பேட்டரி தீரப் போகுதுன்னு நாஸ்கிட்ட சொல்ல இன்வெர்ட்டருக்கு வழியும் கிடையாது. யூஎஸ்பி கேபிள் இருக்கிற யூபிஎஸ் ஒண்ணு வாங்கி நாஸ்ல சொருகி, பேட்டரி இத்தன பர்சென்ட்டுக்கு கீழ போனா தானா ஷட்டவுன் ஆகுன்னு செட் பண்ணுங்க. அதே யூபிஎஸ்ல நெட்வொர்க் சுவிட்ச்சையும் போடணும், நிறைய ஆபீஸ்ல நாஸ் உயிரோட இருக்கும், சுவிட்ச் செத்துடும், என்ட்ரி நடுவுல அறுந்துடும். இது ரெண்டும் ஆகிற வரைக்கும் அந்த கேஷ ஆஃப் பண்ணி வைங்க, மெதுவா இருந்தா இருந்துட்டு போகட்டும்.

அடுத்தது டேலி டேட்டாவுக்கு மட்டும் ரெண்டு சின்ன எஸ்எஸ்டி மிரர் போடுங்க. உங்க மொத்த கிளையன்ட் டேட்டாவும் சில ஜிபிய தாண்டாது, 500 ஜிபி எஸ்எஸ்டியே தாராளம். அத போட்டீங்கன்னா கேஷே தேவைப்படாமகூட போகலாம். ஸ்கேன் பண்ண பிடிஎஃப், பழைய வருஷ ஃபைல்கள் எல்லாம் பழைய டிஸ்க்லயே கிடக்கட்டும். வைஃபைல டேலி போடுறவங்க யாராச்சும் இருந்தா மொதல்ல கேபிளுக்கு மாத்துங்க. ஸ்னாப்ஷாட் மட்டும் போதும்னு இருக்காதீங்க, டேலி திறந்திருக்கும்போது எடுக்கிற ஸ்னாப்ஷாட்டும் கரண்ட் போன நிமிஷத்துல இருந்த டேட்டாவும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால சாயங்காலம் எல்லாரும் வெளிய வந்ததும் டேலியிலயே பேக்கப் எடுத்துட்டு கிளம்புங்க.

எங்க காலேஜ் லேபுக்கு 12 டிஸ்க், ஒவ்வொண்ணும் 8 டிபி, ட்ரூநாஸ் (நாஸ ஓட்டுற சாஃப்ட்வேர்) போடப் போறோம். பசங்க ஹோம் ஃபோல்டர், வீடியோ லெக்சர், கொஞ்சம் விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற கம்ப்யூட்டர்). ஒரே பெரிய ரெய்டு இசட்2-வா, மிரரா? ஸ்லாக் எஸ்எஸ்டி போட்டா எல்லாமே வேகமாகுமா?
– லேப் அட்மின், கோயம்புத்தூர்

பன்னெண்டையும் ஒரே இசட்2-ல போட்டா 80 டிபி கிடைக்கும், எந்த ரெண்டு டிஸ்க் போனாலும் தாங்கும், ஆனா குட்டி எழுத்துக்கு மொத்த கூட்டமும் ஒரு டிஸ்க் மாதிரிதான் நடந்துக்கும். ஆறு ஆறா பிரிச்சு ரெண்டு இசட்2 போட்டா 64 டிபி, ரெண்டு டிஸ்க் வேகம். ஆறு ஜோடி மிரர்னா 48 டிபி, எழுத ஆறு டிஸ்க் வேகம், படிக்க பன்னெண்டு, ஆனா ஒரே ஜோடியில ரெண்டும் போச்சுன்னா முழு பூலும் (டிஸ்க் எல்லாம் சேந்த மொத்த இடம்) போச்சு. இதெல்லாம் தோராயக் கணக்கு, ஃபார்மேட் போக இன்னும் குறையும், 80 பர்சென்டுக்கு மேல நிரப்பாதீங்க, மெதுவாயிடும்.

நான்னா நடுவுல இருக்கிறத எடுப்பேன், ஆறு ஆறு. லெக்சரும் ஹோம் ஃபோல்டரும் அதுல. விர்ச்சுவல் மெஷினுக்கு ரெண்டு எஸ்எஸ்டி மிரர்ல தனி பூல். ஒரே பூல்ல மூணையும் போட்டு எல்லாத்துக்கும் பொருந்துற ஒரு செட்டிங்க தேடுனீங்கன்னா கிடைக்காது, ட்ரூநாஸ் பயன்படுத்துற இசட்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டத்துல டேட்டாசெட் டேட்டாசெட்டா (பூலுக்குள்ள தனித்தனியா பிரிச்ச பகுதி) மாத்திக்கிறதுக்கு வசதி குடுத்திருக்கிறதே அதுக்குத்தான். லெக்சர் டேட்டாசெட்டுக்கு ரெக்கார்ட்சைஸ் (ஒரு துண்டா எழுதுற அளவு) 1 எம்பி வைங்க, ஹோம் ஃபோல்டருக்கு டிஃபால்ட்டா இருக்கிற 128 கேபியே போதும், டேட்டாபேஸ் எதுவும் வந்தா 16 கேபி மாதிரி சின்னதா.

ஸ்லாக் பத்தி நிறைய பேருக்கு குழப்பம். எழுத வர்றத மொதல்ல குறிச்சு வைக்கிற தனி இடம் அது, பொதுவான ரைட் கேஷ் இல்ல. கேக்குறவர் டிஸ்க்ல எழுதி முடிச்சாத்தான் நகருவேன்னு நிக்கிற சிங்க் எழுத்துக்கு மட்டும்தான் உதவும், அதாவது என்எஃப்எஸ்ங்கிற ஃபைல் ஷேர் முறை வழியா ஓடுற விர்ச்சுவல் மெஷின், டேட்டாபேஸ். விண்டோஸ்லேந்து எஸ்எம்பிங்கிற ஷேர் முறை வழியா லெக்சர் காப்பி பண்றவருக்கு பெரும்பாலும் ஒரு பைசா பிரயோஜனமில்ல. போடுறதா இருந்தா கரண்ட் போனாலும் கையில இருக்கிறத எழுதி முடிக்கிற கெப்பாசிட்டர் உள்ள எஸ்எஸ்டியா பாத்து வாங்கணும், கடையில கிடைக்கிற சாதா எஸ்எஸ்டியில அது இருக்காது, அப்புறம் எதுக்கு அது?

சிங்க்க டிசேபிள் பண்ணுனா ஸ்பீடு வரும்னு யாராச்சும் சொல்வாங்க. வரும். இசட்எஃப்எஸ் வழக்கமா அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவ சேத்து வச்சத டிஸ்க்ல இறக்கும், கரண்ட் போனா அந்த கடைசி அஞ்சு பத்து செகண்ட் எழுதுனது காணாம போகும், பூல் கெடாது. லெக்சர் வீடியோ ஏத்துற டேட்டாசெட்டுக்கு அது ஓகே, ஒரிஜினல் கையில இருக்கு, திரும்ப ஏத்திக்கலாம். விர்ச்சுவல் மெஷினுக்கு அதே செட்டிங் வச்சா உள்ள இருக்கிற ஃபைல்சிஸ்டம், தான் எழுதிட்டேன்னு நம்புனது இல்லாம போய் உடைஞ்சு நிக்கும்.

வீட்ல ரெண்டு டிஸ்க் நாஸ் மிரர்ல இருக்கு, பேரன் பேத்தி போட்டோ எல்லாம் அதுலதான். ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கே தம்பி, பேக்கப்னு தனியா எதுக்கு?
– ரிட்டயர்டு பேங்க் ஊழியர், சென்னை

ஐயா, டிஸ்க் கெட்டுப் போனா மிரர் காப்பாத்தும், அவ்வளவுதான். பேரன் விளையாட்டா ஒரு ஃபோல்டர டெலீட் பண்ணுனா ரெண்டுலயும் அந்த நொடியே டெலீட் ஆகும். வைரஸ் வந்து பூட்டுனா ரெண்டையும் சேத்துத்தான் பூட்டும். 2022 ஜனவரியில டெட்போல்ட்னு ஒண்ணு கியூநாப் கம்பெனி நாஸ்கள இன்டர்நெட் வழியா தேடிப் பிடிச்சு பூட்டிட்டு, ஒவ்வொருத்தர்கிட்டயும் 0.03 பிட்காயின் கேட்டுச்சு, மாட்டுனதெல்லாம் வெளியேந்து நேரா தொடுற மாதிரி திறந்து வச்சிருந்த பொட்டிங்க. அதனால ரௌட்டர்ல போர்ட் ஃபார்வேர்டிங் (வெளியேந்து உள்ள வர வழி விடுற செட்டிங்) ஏதாச்சும் ஆன்ல இருந்தா மகன வரச் சொல்லி ஆஃப் பண்ணுங்க. ஒரு யூஎஸ்பி டிஸ்க் வாங்கி மாசம் ரெண்டு தடவ காப்பி எடுத்துட்டு, கழட்டி அலமாரியில வைங்க, மாட்டியே வச்சிருந்தா அதுவும் சேந்து பூட்டிக்கும். மூணு காப்பி, ரெண்டு விதமான இடம், ஒண்ணு வீட்டுக்கு வெளிய, பீட்டர் க்ரோங்கிற போட்டோகிராபர் சொன்ன கணக்கு, இன்னிக்கும் அதுதான். வெளிய வைக்கிறது பொண்ணு வீடா இருந்தாலும் சரி, கிளவுடா இருந்தாலும் சரி. ஸ்பீடு பத்தியெல்லாம் நீங்க யோசிக்கவே வேண்டாம், போட்டோ பாக்க இப்ப இருக்கிறதே ஜாஸ்தி.

டிஸ்க் ஒண்ணு போய் புதுசு மாத்துனேன், ரீபில்ட் மூணு நாளா ஓடுது. இது நார்மலா? அதுவரைக்கும் வேலை பாக்கலாமா?
– பிரிண்டிங் பிரஸ், சிவகாசி

8 டிபி டிஸ்க்குன்னு எழுதியிருக்கீங்க. செகண்டுக்கு 200 எம்பின்னு நிக்காம எழுதுனாலே 11 மணி நேரம், அதுகூட நீங்க யாரும் தொடாம இருந்தா. வேலையும் பாத்துக்கிட்டு ரீபில்டும் ஓடுனா ரெண்டு மூணு நாள் சாதாரணம். ஆனா அந்த மூணு நாளும் ரெய்டு 5-ல உங்களுக்கு பாதுகாப்பே இல்ல, மீதி டிஸ்க் எல்லாம் ஒரே நாள்ல ஒரே பெட்டியில வாங்குனது, அதே வயசு, இப்பத்தான் வாழ்க்கையிலயே அதிகமா உழைக்குது. முடிஞ்சா அர்ஜன்ட் ஜாப் ஃபைல மட்டும் வெளிய காப்பி எடுத்துக்கிட்டு அதுல வேலை பாருங்க. அடுத்த தடவ பெரிய டிஸ்க் வாங்கும்போது ரெண்டு டிஸ்க் போனாலும் தாங்குற ரெய்டு 6-க்கு போயிடுங்க, எழுதுறது இன்னும் கொஞ்சம் மெதுவாகும், போஸ்டர் ஃபைலுக்கு அது தெரியாது.

புதுசா வாங்குன டிஸ்க் எஸ்எம்ஆர் வகையான்னு மாடல் நம்பர வச்சு பாத்துடுங்க. எஸ்எம்ஆர்ல டிராக் மேல டிராக் ஓடு வேஞ்ச மாதிரி அடுக்கி எழுதும், படிக்க ஓகே, நிக்காம எழுதச் சொன்னா திணறிடும், ரீபில்ட்னா அதுதான வேலை. வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் டிஸ்க்லயே 2 டிபிலேந்து 6 டிபி வரைக்கும் சிலது எஸ்எம்ஆர்னு 2020-லதான் வெளிய வந்துச்சு, பெரிய சத்தமாச்சு, அப்புறம்தான் அப்படி அடுக்காம எழுதுற சிஎம்ஆர் வகைய ரெட் பிளஸ்னு தனியா பிரிச்சாங்க.

தினமும் ராத்திரி பேக்கப் ஓடுது, பச்சை டிக் வருது. வேற என்ன பாக்கணும்?
– மதுரை

திறந்து பாருங்க. 2017 ஜனவரி 31 அன்னிக்கு ப்ரோக்ராமர்ங்க கோட் வச்சுக்கிற சைட் நடத்துற கிட்லாப் கம்பெனியில ராத்திரி வேலை பாத்த இன்ஜினியர் ஒருத்தர் தப்பான சர்வர்ல டேட்டாபேஸ் ஃபோல்டர அழிச்சிட்டாரு, 300 ஜிபி பக்கம் இருந்தது, நிறுத்துறதுக்குள்ள நாலரை ஜிபி மிச்சம். சரி பேக்கப் இருக்கேன்னு போனா வச்சிருந்த வழி ஒண்ணொண்ணா கைய விரிச்சிடுச்சு, பேக்கப் ப்ரோக்ராம் வெர்ஷன் பொருந்தாம ரொம்ப நாளா எதுவுமே எழுதாம இருந்திருக்கு, அது ஃபெயில் ஆகுதுன்னு சொல்ற மெயிலும் யாருக்கும் போய் சேரல. தற்செயலா ஆறு மணி நேரம் முன்னாடி ஒருத்தர் வேற காரணத்துக்கு எடுத்த ஸ்னாப்ஷாட் இருந்ததால பொழைச்சாங்க. மாசத்துல ஒரு நாள் ஏதோ ஒரு ஃபோல்டர வேற கம்ப்யூட்டர்ல ரீஸ்டோர் பண்ணி, ஃபைல திறந்து பாத்து, எவ்வளவு நேரம் ஆச்சுன்னும் குறிச்சு வைங்க, ஏன்னா 6 டிபிய கிளவுட்லேந்து இறக்க 100 மெகாபிட் லைன்ல அஞ்சரை நாள் ஆகும், அது தெரிஞ்ச பிறகு நீங்களே உள்ளூர்ல ஒரு காப்பி வச்சுக்குவீங்க.

நாஸ்ல ரெண்டு லேன் போர்ட் இருக்கு, ரெண்டு கேபிளும் சேத்து மாட்டுனா காப்பி ஸ்பீடு டபுள் ஆகுமா?
– சேலம்

ஒரு ஆளுக்கு ஆகாது, அவருக்கு அதே 110தான், இப்படி கேபிள சேக்குற லிங்க் அக்ரிகேஷன்ல ஒரு கனெக்‌ஷன் ஒரு கேபிள்லதான் போகும். ரெண்டு மூணு பேரு ஒரே நேரத்துல இழுத்தா ஆளுக்கு ஒரு கேபிள்ல பிரியலாம், அதுவும் ரெண்டு பேரும் ஒரே கேபிள்லயே போய் விழுந்தா இல்ல. சுவிட்ச்சும் அதுக்கு தோதானதா இருக்கணும். எஸ்எம்பி மல்டிசேனல்னு ஒண்ணு இருக்கு, கம்ப்யூட்டர்லயும் ரெண்டு போர்ட் இருந்து ரெண்டு பக்கமும் ஆன் பண்ணுனா அதுல நிஜமாவே டபுள் வரும், ஆனா அந்த காசுக்கு 2.5 ஜி கார்டே வாங்கிடலாம்.